பேரனின் தொப்புள்கொடி ரத்தத்தை மெஷினில் பெருக்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். என் பேரனுக்கு எட்டு வயது, 22 கிலோ. பத்தாவது மாதத்தில் தலசீமியா மேஜர் என்று கண்டுபிடித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறோம். அவன் பிறந்தபோதே தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கி ஒன்றில் சேமித்தோம். சான்றிதழில் 48 கோடி செல்கள் என்று போட்டிருக்கிறது. இப்போது ஒருவர் வந்து, "இது பையன் எடைக்குப் போதாது. பயோரியாக்டர் என்ற மெஷினில் போட்டுப் பத்து மடங்கு பெருக்கித் திரும்ப ஏற்றினால் குணமாகிவிடும், முன்பணம் ஆறு லட்சம்" என்கிறார். இனிமேல் மெஷினிலேயே ரத்தம் செய்வார்கள், மதுரைக்கு அலைய வேண்டாம் என்றும் சொல்கிறார். எங்கள் பங்குக்கு வந்த பழைய தூண்களையும் நிலைக்கதவையும் கொடுத்துவிடலாம் என்று முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை கேட்டு வைத்திருக்கிறோம். நம்பலாமா? பேரனுக்கு மூன்று வயதில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். மகனும் மருமகளும் அயித்தை மகன், மாமன் மகள். சொந்தத்தில் கட்டிவைத்த பாவம்தானோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.
— ஓர் அப்பத்தா

பதில்:

ஆச்சி, முன்பணம் கொடுக்காதீர்கள். தூண்களும் நிலையும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அந்த ஆள் அடுத்த தடவை வாசலுக்கு வருவதற்குள் இது உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பொறுமையாகச் சொல்கிறேன், மகனையும் மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

தலசீமியா என்பது ஹீமோகுளோபின் செய்யச் சொல்லும் ஒரு மரபணுவில் உள்ள பழுது. அந்த மரபணு 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து வந்ததும் அம்மாவிடமிருந்து வந்ததும் இரண்டுமே பழுதாக இருந்தால் தலசீமியா மேஜர். கரு உண்டான அன்றைக்கே வந்துவிட்ட பழுது அது. ஆகவே பேரன் உடம்பில் எந்தச் செல்லை எடுத்துப் பார்த்தாலும் அது இருக்கும். பிறந்த அன்று எடுத்துவைத்த தொப்புள்கொடி ரத்தத்திலும் இருக்கும். 48 கோடியை 480 கோடியாக்கினால் 480 கோடியிலும் அதே பழுதுதான். விதை கெட்டிருந்தால் ஒரு மரக்கால் விதைத்தால் என்ன, பத்து மரக்கால் விதைத்தால் என்ன?

இதைவிட எனக்குப் பதற்றம் தருவது வேறு ஒன்று. புதுச் செல்களை ஏற்றுவதற்கு முன்னால், பிள்ளையின் எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடமான மஜ்ஜையில் இப்போது இருக்கும் செல்களைக் கடுமையான மருந்து கொடுத்து முழுக்கக் காலி செய்ய வேண்டும். அந்த நாட்களில் அவனுக்கு எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றுமே இருக்காது. அவ்வளவு ஆபத்தையும் தாண்டி வந்த பிறகு, உள்ளே ஊறுவது பழைய தலசீமியா ரத்தமேதான் என்றால்? அந்த மனிதர் இதையெல்லாம் உங்களிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

அவர் சொன்னதில் எடைக் கணக்கு மட்டும் சரி. தொப்புள்கொடி ரத்தம் ஏற்றும்போது, நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது இரண்டரைக் கோடி செல்களாவது வேண்டும் என்று பார்ப்போம். தலசீமியா மாதிரி நோய்களுக்கு இன்னும் கூடுதலாகவே கேட்போம். உங்கள் 48 கோடியை 22-ஆல் வகுத்தால் கிலோவுக்கு இரண்டேகால் கோடிகூட வரவில்லை. போதாதுதான். ஆனால் அந்தப் பை போதாமல் இருப்பதா இங்கே பிரச்சினை? நிறைந்து வழிந்தாலும் அது பேரனுக்கு உதவாது. கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டு முடிவைத் தப்பாகச் சொன்னால் படித்தவர்களே தடுமாறிப் போவார்கள். நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டீர்களே, அதுவே பெரிது.

இப்போது அந்த மெஷின். அது பொய்யில்லை, ஆச்சி. நான் முதன்முதலில் ஒரு பயோரியாக்டரைப் பார்த்தது பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில். பெரிய கொப்பரை மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். இருந்தது ஒரு தலையணைப் பை. கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக், உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பில் சத்துநீர். பையை ஒரு தட்டின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். அந்தத் தட்டு தூளி ஆட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லச் சாய்ந்துகொண்டே இருந்தது. வேகமாக ஆட்டினால் செல்கள் அடிபடும், ஆட்டாமல் விட்டால் அடியில் தங்கி மூச்சுத் திணறும். உடம்புச் சூடான 37 டிகிரி. எலும்புக்குள் காற்று குறைவு என்பதால் ஆக்சிஜனையும் வெளிக்காற்றில் இருப்பதைவிடக் குறைத்து வைப்பார்கள். ஒரு பெண் காலையிலும் மாலையிலும் சின்னக் குழாய் வழியாக இரண்டு சொட்டு எடுத்து, செல்களை எண்ணி, நோட்டில் எழுதினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது அந்தக் கவனம்.

அப்படியானால் ஏன் ஊரெல்லாம் இது நடக்கவில்லை? கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் நாளைக்கு இன்னொருவர் வேறு பெயர் சொல்லிக்கொண்டு வருவார்.

ரத்தத்தை ஊறவைக்கும் ஸ்டெம் செல் விதைநெல் மாதிரி. நம் மஜ்ஜையில் பத்தாயிரம் செல்லில் ஒன்றுகூட அது தேறாது. பெரும்பாலும் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். எப்போதாவது விழித்துப் பிரியும்போது ஒன்றைத் தன்னைப் போலவே வைத்துக்கொண்டு, இன்னொன்றைச் சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ ஆக அனுப்பிவைக்கும். விதைக்கு ஒதுக்கியதுபோக மிச்சத்தைச் சாப்பாட்டுக்கு எடுக்கிற வீடு மாதிரிதான். பெரியவர்கள் உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் இப்படிப் புதிதாக வருகின்றன.

அதே செல்லை வெளியே எடுத்து, சத்தும் வளர்ச்சி ஊக்கிகளும் கொடுத்தால் விறுவிறுவென்று பெருகும். ஆனால் பெருகுகிற வேகத்தில் எல்லாம் முதிர்ந்துபோகும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் எண்ணிக்கை நூறு மடங்கு இருக்கலாம். விதைநெல்லாக நிற்பது ஆரம்பத்தில் போட்டதைவிடக் குறைந்தும் போயிருக்கலாம். முதிர்ந்த செல்கள் சும்மாவும் இருப்பதில்லை, விதைச் செல்களை அடக்குகிற சமிக்ஞைகளை நீரில் விட்டுக்கொண்டே இருக்கும். குடிதண்ணீர் ஊருணியில் மாட்டைக் குளிப்பாட்ட நம் ஊரில் ஏன் விடமாட்டார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு கனடாவில் ஒரு வழி கண்டார்கள்: புதுச் சத்துநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வந்து, அந்தச் சமிக்ஞைகளை நீர்க்கவைத்துவிடுவது. 2012-இல் அந்த ஆய்வு வந்தது. 2014-இல் மான்ட்ரியலில் யு.எம்.171 என்ற மருந்துப் பொருள், விதைச் செல்களை முதிரவிடாமல் பிடித்து வைப்பதாகக் காட்டினார்கள்.

இன்னொரு சங்கடம் என்னவென்றால், பையில் இருப்பதில் எது உண்மையான விதை என்று பார்த்துச் சொல்லக் கருவி கிடையாது. 1961-இல் டொரொன்டோவில் டில், மெக்கல்லக் என்ற இருவர், மஜ்ஜைச் செல்களை எலிகளுக்கு ஏற்றி, மண்ணீரலில் எழும்பிய சின்னச் சின்னக் கொப்புளங்களை எண்ணித்தான் இப்படி ஒரு செல் இருப்பதற்கே முதல் சாட்சியைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் வழி ஏறக்குறைய அதுதான். செல்லின் மேல் ஒட்டியிருக்கும் சி.டி.34 என்ற அடையாளத்தைப் பார்த்து எண்ணலாம். ஆனால் மெஷினில் வளர்ந்த செல்லில் அந்த அடையாளம் ஏமாற்றும். எலிக்கு ஏற்றி, மாதக்கணக்கில் ரத்தம் ஊறுகிறதா என்று பார்த்தால்தான் நிச்சயம். ஆகையால் "பத்து மடங்கு" என்று யாராவது சொன்னால், எது பத்து மடங்கு என்று கேளுங்கள். மொத்தச் செல்லா, விதைச் செல்லா? இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராது.

உண்மையிலேயே நோயாளிகளிடம் வந்து சேர்ந்த மருந்து ஒன்று உண்டு. ஒமிடுபிசெல் என்று பெயர், 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தொப்புள்கொடி ரத்தத்தை நிகோடினமைடு, அதாவது பி3 வைட்டமினின் ஒரு வடிவம், கலந்த சத்துநீரில் மூன்று வாரம் வளர்க்கிறார்கள். சோதனையில் சாதாரணத் தொப்புள்கொடி ரத்தம் ஏற்றியவர்களுக்கு வெள்ளையணு மீண்டுவர 22 நாள் ஆனது, இதில் 12 நாள். தொற்றும் குறைந்தது. பத்து நாள் முன்னால் வெள்ளையணு வருவது என்றால் என்ன என்று அந்த வார்டில் பிள்ளையோடு இருந்த தாய்க்குத் தெரியும். ஆனால் அந்த அனுமதி, 12 வயது நிரம்பிய ரத்தப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தது. வளர்க்கப்படுவது இன்னொரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம், நோயாளியின் சொந்த ரத்தம் அல்ல. அறிவித்த விலை 3,38,000 டாலர். அப்போதைய மதிப்பில் இரண்டே முக்கால் கோடி ரூபாய். தலசீமியா பிள்ளைக்கு அவனுடைய சொந்த ரத்தத்தைப் பெருக்கி ஆறு லட்சத்தில் குணமாக்குவது என்பது இதில் எதிலும் சேராது.

சொந்தச் செல்லையே எடுத்து, மரபணுவைத் திருத்தித் திரும்ப வைக்கும் சிகிச்சையும் வந்துவிட்டது. 2023 நவம்பரில் பிரிட்டனில் தலசீமியாவுக்கே அதற்கு அனுமதி கொடுத்தார்கள். அங்கே திருத்துவதுதான் வேலை, பெருக்குவது அல்ல. அந்த அனுமதி 12 வயது நிரம்பியவர்களுக்குக் கொடுத்தது, செலவும் கோடிக்கணக்கில். இன்னும் பத்து வருஷத்தில் நம் பிள்ளைகளுக்கும் அது எட்டும் என்று நான் மனதார நம்புகிறேன். ஆனால் உங்கள் பேரனைப் பத்து வருஷம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

மெஷினிலேயே ரத்தம் செய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதுவும் நடந்திருக்கிறது, 2022 நவம்பரில் பிரிட்டனில் அறிவித்தார்கள். ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த சிவப்பணுக்களை ஆரோக்கியமான ஆட்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றிய அளவு ஐந்திலிருந்து பத்து மில்லி, ஒரு ஸ்பூன் இரண்டு ஸ்பூன். ஐந்து லட்சம் ஸ்டெம் செல்லில் தொடங்கி 5,000 கோடி சிவப்பணு வளர்த்து, அதில் தேர்ந்த 1,500 கோடியை வடித்தெடுத்தார்கள். மதுரையில் பேரனுக்கு ஏற்றுகிறார்களே, அந்த மாதிரி ஒரு முழுப் பையில் ஏறக்குறைய இரண்டு லட்சம் கோடி சிவப்பணு இருக்கும். வளர்த்த 5,000 கோடியும் தேறியதாக வைத்துக்கொண்டாலும் அப்படி நாற்பது பங்கு சேர்ந்தால்தான் ஒரு பை. அரிய ரத்த வகைக்காரர்களுக்கு இது முதலில் உதவலாம். உங்களுக்கு இப்போதைக்கு ரத்த தானம் செய்கிறவர்கள்தான் துணை.

சரி, அப்புறம் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். எனக்கு இந்தக் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது ஆறு லட்சமும் இல்லை, மெஷினும் இல்லை. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மூன்று வயதுத் தங்கச்சி, அவள்தான்.

பேரனுக்குத் தேவை பழுதில்லாத இன்னொருவரின் ஸ்டெம் செல். அதை அவன் உடம்பு ஏற்க ஹெச்.எல்.ஏ. என்ற பொருத்தம் வேண்டும். அந்தப் பொருத்தம் 6-ஆவது குரோமோசோமில் இருக்கிறது, தலசீமியா 11-இல். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கூடப் பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. தங்கச்சிக்கு தலசீமியா மைனர், அதாவது இரண்டில் ஒரு மரபணு மட்டும் பழுது, இருந்தால்கூட, மேஜர் இல்லை என்றால், அவள் கொடுக்கலாம். அவளுக்கு, மைனரா என்று காட்டிக்கொடுக்கும் ஹீமோகுளோபின் ஏ2 ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சின்னப்பிள்ளையைப் போட்டு வதைக்க வேண்டுமா என்று வீட்டில் யாராவது தயங்கியிருப்பார்கள். பொருத்தம் பார்க்க ஊசியே வேண்டாம், கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவினால் போதும். பொருந்தினால், மயக்க மருந்து கொடுத்து, முதுகுத்தண்டில் அல்ல, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுப்பார்கள். சில நாள் வலிக்கும். எடுத்த அளவு சில வாரத்தில் தானே ஊறிவிடும். அண்ணனுக்கு ஏற்றுவது பார்க்க ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும்: அடர்சிவப்பாக ஒரு பை, சலைன் பாட்டில் மாதிரி தொங்கும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஏறிய செல்களுக்கு எலும்பு எங்கே இருக்கிறது என்று யாரும் வழி காட்ட வேண்டாம், தானே தேடிப் போய் உட்காரும். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் பழகவில்லை.

முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பு கிடைத்து, ஈரல் நல்ல நிலையில் இருந்தால், பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகள் தலசீமியாவிலிருந்து விடுபடுகிறார்கள். 1981-இல் முதன்முதலாக இதைச் செய்தார்கள், வேலூர் சி.எம்.சி.யில் 1986-இலிருந்து மஜ்ஜை மாற்று நடக்கிறது. ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். செல் ஒட்டாமல் போகலாம், தங்கச்சியின் செல் அண்ணன் உடம்பைத் தாக்கலாம், தொற்று வரலாம், பிள்ளையை இழந்த வீடுகளும் உண்டு. மருந்தின் கடுமையால் பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். மகனும் மருமகளும் இதையெல்லாம் நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தங்கச்சி பொருந்தவில்லை என்றால் கதவு மூடிவிடாது. அப்பாவோ அம்மாவோ எப்போதும் பாதிப் பொருத்தம். பாதிப் பொருத்தத்திலும் இப்போது செய்கிறார்கள், ஆபத்து கூடுதல். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி பதிவகத்தில் வெளியாட்களைத் தேடலாம். இன்னொன்றும் உண்டு. நீங்கள் பாவம் என்று எழுதினீர்களே, சொந்தத்தில் கட்டியது? சொந்தத்தில் கட்டின குடும்பங்களில் சித்தப்பா பிள்ளை, அயித்தை பிள்ளை என்று உறவுக்குள்ளேயே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் தேடலைத் தங்கச்சியோடு நிறுத்த வேண்டாம் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

பாவம் இல்லை, ஆச்சி. மைனராக இருப்பவர்களுக்கு ஒரு குறையும் வெளியே தெரியாது. கொஞ்சம் சோகை இருந்தாலும் இரும்புச் சத்துக் குறைவு என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் காலத்தில் கல்யாணத்துக்கு முன்னால் இதைப் பார்க்கச் சொன்னவர் யார்? சொந்தத்தில் கட்டினால் இருவரும் மைனராக அமையும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் அமைகிறது. இப்போது தெரிந்துவிட்டதால் ஒரு காரியம் செய்யுங்கள். பங்காளி வீட்டிலும் சம்பந்தி வீட்டிலும் கல்யாண வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஏ2 பரிசோதனையை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

அவசரம் எங்கே என்றால், இரும்பில். ஏற்றுகிற ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200-லிருந்து 250 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். ஏழு வருஷக் கணக்கு இது. ஈரல் வீங்கித் தழும்பேறிவிட்டால் மஜ்ஜை மாற்றின் பலன் குறையும். இரும்பை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் கொடுக்கிறார்களா? உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை கடைசியாக எப்போது பார்த்தது? இதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை, எனக்கு அதுதான் கவலை. பயோரியாக்டர் வரும் வரும் என்று ஒரு வருஷம் போனால், அந்த ஒரு வருஷ இரும்பும் ஈரலில் இருக்கும்.

பணத்துக்கு: மத்திய சுகாதார அமைச்சகமும் கோல் இந்தியாவும் சேர்ந்து 2017-இல் தொடங்கிய தலசீமியா பால சேவா யோஜனாவில் மஜ்ஜை மாற்றுக்குப் பத்து லட்சம் வரை உதவி உண்டு. வயது வரம்பும் வருமான வரம்பும் இருப்பதால் பேரனுக்கு எட்டு வயதாக இருக்கும் இப்போதே கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் சமூகப் பணியாளர்கள் விண்ணப்பத்துக்கு உதவுவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். தூண்கள் தேவைப்பட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மனிதர் திரும்ப வந்தால் சண்டை போட வேண்டாம். நம் நாட்டில் இப்படிப்பட்ட புதுச் சிகிச்சையை, சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்த ஆய்வாக மட்டும்தான் செய்யலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். விதி. ஆய்வில் சேருகிற நோயாளியிடம் பணம் வாங்கவும் கூடாது. "உங்கள் ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன, நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதம் எங்கே?" என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள், எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை மதுரைக்கு ரத்தம் ஏற்றப் போகும்போது தங்கச்சியையும் அழைத்துப் போங்கள். பொருத்தம் பார்க்கும் மாதிரியை அங்கேயே எடுத்து அனுப்ப முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே போனில் கேட்டு வையுங்கள். பஞ்சால் தடவுவதற்கு முன் அரை மணி நேரம் அவளுக்குப் பிஸ்கட், பால் எதுவும் கொடுக்காதீர்கள்; வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டு உட்கார வையுங்கள்.